உள்ளேன் டீச்சர்

தாராவித் தமிழர்களின் கதையை எழுதுகிறவர்கள் தோல் கிடங்கிலிருந்து தொடங்குவார்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தக் கதை ஒரு நோட்டிலிருந்து தொடங்குகிறது. மும்பைப் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டைக் ‘கேட்லாக்’ என்போம். காலையில் அதை விரித்துப் பெயர் வாசித்த பிறகுதான் பாடம். அந்தக் கேட்லாக்குக்கு மூல நோட்டு ஒன்று தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டிக்கிடக்கும். அது ஜெனரல் ரெஜிஸ்டர். பிள்ளையைச் சேர்க்கிற அன்று அதில் ஏறுகிற பெயர்தான் கடைசிவரை பெயர். பள்ளியை விட்டுப் போகும்போது லீவிங் சர்டிபிகேட்டை அதைப் பார்த்து எழுதுவோம். அந்தச் சர்டிபிகேட்டைப் பார்த்து வெளியே மற்ற எல்லாக் காகிதங்களும் எழுதப்படும்.

எந்த வருஷத்துக் கேட்லாக்கைத் திறந்தாலும் இசக்கியம்மாள் இருப்பாள். சுடலைமணி, பேச்சிமுத்து, மாடசாமி, முத்துலட்சுமி இருப்பார்கள். முருகன் மூன்று பேராவது இருப்பார்கள். நடுவில் அந்தோணி, ஜெபமணி, மைதீன், பாத்திமா. ஊர் எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இசக்கியும் சுடலையும் பேச்சியும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டால் அது திருநெல்வேலிச் சீமை. தாமிரபரணிக் கரையிலும் தேரிக்காட்டிலும் பீடம் கொண்ட தெய்வங்கள் எல்லாம் மித்தி ஆற்றுச் சதுப்பில் வந்து ஒண்ணாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

சதுப்பு என்று சும்மா சொல்லவில்லை. 1909ஆம் ஆண்டு பம்பாய் கெஜட்டியரில் தாராவி, நகரத்தின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத்தான் வருகிறது, மீனவர் குடியிருப்பு. பக்கத்தில் பாந்திராவில் கசாப்புக்கூடம் இருந்தது. 1971இல் தேவ்னாருக்கு மாறும்வரை பச்சைத் தோல் அங்கிருந்துதான் வந்தது. தோல் வேலை தெரிந்த கைகள் திருநெல்வேலியிலிருந்து வந்தன. முதலில் வந்தவர்களில் தமிழ் முஸ்லிம்கள் நிறையப் பேர். பிறகு ஆதிதிராவிடர், நாடார், தேவர் என்று எல்லாரும் வந்தார்கள். பெரிய பள்ளிவாசல் 1887இல் வந்தது. கணேசர் கோயில் 1913இல். 1924இல் பள்ளிக்கூடம் வந்தது. தாராவிக்கு அதுதான் முதல் பள்ளி, பம்பாய்க்கு அதுதான் முதல் தமிழ்ப் பள்ளி. தொழுகைக்கும் கும்பிடுவதற்கும் அடுத்தபடியாக இவர்கள் கட்டியது, தங்கள் பிள்ளைகளின் பெயரைத் தமிழில் எழுதுகிற ஓர் இடம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

வகுப்பு என்றால் அமைதியான அறை என்று நினைக்கக் கூடாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பை தைக்கிற மெஷின் ஓடும். இந்தப் பக்கம் தகர டின்னைத் தட்டி நெளிவெடுப்பார்கள். மழைக்காலமென்றால் கூரையே ஒரு மத்தளம். பிள்ளைகள் அதற்கும் மேலே பேசுவார்கள். நான் குரலை உயர்த்தாமல் பெயர் வாசிப்பேன். கடைசி வரிசையில் சிலேட்டுக்குச்சிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள் ஒருத்தி. அவள் பெயர் வந்ததும் தலையைக்கூடத் திருப்பாமல் ‘உள்ளேன் டீச்சர்’ என்பாள். சண்டை நிற்காது. அவளுக்கு முன்னால் வாசித்த பெயர்களில் ஒன்றுகூட அவள் காதில் ஏறியிருக்காது. தன் பெயர் மட்டும் ஏறிவிடும்.

இதையே ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1953இல் காலின் செர்ரி என்ற ஆங்கிலேயர், ஹெட்ஃபோனில் இரண்டு காதுக்கும் இரண்டு வேறு பேச்சைக் கொடுத்து, ஒன்றை மட்டும் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லும்படி ஆட்களிடம் சொன்னார். மற்றக் காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. 1959இல் நெவில் மோரே அந்த மற்றக் காதுப் பேச்சுக்குள் கேட்கிறவரின் பெயரைச் செருகினார். மூன்றில் ஒருவர் அதைப் பிடித்துவிட்டார். பின்னாளில், 2001இல், ஆண்ட்ரூ கான்வேயும் கூட்டாளிகளும் பிடித்தவர்கள் யார் யார் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றை மனதில் நிறுத்திக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் திறன் குறைந்தவர்களில் 65 சதவீதம் பேர் தங்கள் பெயரைக் கேட்டிருந்தார்கள். அந்தத் திறன் மிகுந்தவர்களில் 20 சதவீதம் பேர்தான் கேட்டிருந்தார்கள். கவனம் கலைகிறவர்கள்தான் பெயரை அதிகம் கேட்கிறார்கள். ‘இதுக்குக் கவனமே இல்ல’ என்று சொல்லி என் வகுப்புக்குத் தள்ளிவிடப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் யாரும் ஒருநாளும் தன் பெயரைத் தவறவிட்டதில்லை. அவர்கள் காது எல்லாப் பக்கமும் திறந்திருந்தது. அதைக் குறை என்று அன்றைக்கே நான் ஒத்துக்கொண்டதில்லை.

தூக்கத்திலும் இது நடக்கிறது. 1960இல் இயன் ஆஸ்வால்ட் குழுவினர் தூங்குகிறவர்களுக்குப் பெயர்களை வரிசையாக ஒலிக்கவிட்டார்கள். தன் பெயர் வந்தால் கையை மூட வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். ஆட்கள் தூக்கத்திலேயே கையை மூடினார்கள். தாராவிக் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், படுத்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் அடுக்கிப் படுத்திருப்போம். விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும். அம்மா விளக்குப் போடாமல், மூச்சோடு மூச்சாக ஒரு பெயரைச் சொல்லுவாள். அந்தப் பெயருக்குரியவள் மட்டும் எழுந்து குடத்தை எடுப்பாள். பக்கத்தில் படுத்திருக்கிற தங்கச்சி புரண்டுகூடப் படுக்க மாட்டாள்.

பிறந்து நாலரை மாதத்துக் குழந்தை தன் பெயரை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துக் கேட்கும் என்று 1995இல் அமெரிக்காவில் காட்டினார்கள். அந்த வயதில் அம்மா என்ற சொல்லுக்குக்கூட முழுப் பொருள் தெரிந்திருக்காது; ஓசை தெரிந்திருக்கும். ஆனால் எந்தப் பெயரின் ஓசை? நம் வீடுகளில் பெயர் சூட்டும் அன்று குழந்தையின் காதில் மூன்று முறை சொல்வது ஒரு பெயர். அதற்குப் பிறகு கூப்பிடுவது இன்னொன்று. பையனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே பையன் ‘ராசா’ ஆகிவிடுவான், ‘ஐயா’ ஆகிவிடுவான், ‘தம்பி’ ஆகிவிடுவான். ஆறு வயதில் பள்ளிக்கு வந்து உட்கார்ந்த பையனைக் கேட்லாக்கில் உள்ளபடி ‘சுப்பையா’ என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருப்பான். ஜூன் மாதம் முழுக்க எங்களுக்கு இதுதான் வேலை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, ‘நீதான் சுப்பையா’ என்று சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆகஸ்டு பதினைந்துக் கொடியேற்றத்துக்குள் பெயர் ஒட்டிவிடும். ஒரு பிள்ளைக்குத் தன் பெயர் சொந்தமாகிற அந்தச் சில வாரங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தது என் வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம்.

அப்பா பெயர் எழுதுவது இன்னொரு பாடு. சேர்க்க வருகிறவர்கள் அம்மாக்கள்தான். அப்பாக்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். புருஷன் பெயரை எப்படிச் சொல்லுவார்கள்?

“பிள்ளையோட அப்பா பேரு?”

“திருச்செந்தூர்ல இருக்காருல்லா, அவரு பேருதான் டீச்சர்.”

“முருகனா?”

“இல்ல டீச்சர்.”

“செந்திலா?”

“இல்ல… அவருக்கு மொகம் எத்தன?”

“ஆறுமுகமா!”

“ஆங்!”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் எழுதுவேன். கூட வந்த மூத்த பிள்ளையைச் சொல்லச் சொல்கிறவர்களும் உண்டு. இப்படியே விசாரித்து விசாரித்து எழுதிய பெயர்கள் அந்த ரெஜிஸ்டர்களில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இந்த வழக்கம் 1990களில் மெல்ல மறைந்தது. இப்போதைய அம்மாக்கள் புருஷன் பெயரைப் பளிச்சென்று சொல்கிறார்கள். எனக்கு அது சந்தோஷம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ரெஜிஸ்டரின் முதல் கட்டத்தில் இருந்தது. மகாராஷ்டிர முறையில் முதலில் அட்நாவ், அதாவது குடும்பப் பெயர். அடுத்துப் பிள்ளையின் பெயர். அதற்கடுத்து அப்பா பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தைத் தலைக்கு முன்னால் போட்டுக்கொண்டு வாழ்கிற ஜனம் நாம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அடுத்தடுத்த தலைமுறைகளில் நாடாரும் முதலியாரும் பிள்ளையும் ஐயரும் பெயரின் வாலிலிருந்து கழன்று விழுந்தார்கள். பம்பாயில் அந்த முதல் கட்டம் அவர்களை மறுபடி கூப்பிட்டது. எதையாவது எழுதியாக வேண்டும். எழுதுவதற்குச் சாதிப் பட்டம் கையில் இருந்தது. அப்படித்தான் ஊரில் வெறும் செல்வராஜாக இருக்கிற அண்ணனுக்கு, தாராவியில் இருக்கிற தம்பி செல்வகுமார் நாடார் ஆனான். பட்டம் சொல்லிக்கொள்ள விரும்பாதவர்கள், பட்டத்தால் அடிபட்டவர்கள், அந்தக் கட்டத்தில் தாத்தா பெயரை எழுதச் சொன்னார்கள், சிலர் ஊர்ப் பெயரை. என் அப்பா தன் அப்பாவின் பெயரை எழுதச் சொன்னார். அவர் மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஜி.ஐ.பி. ரயில்வே 1915இல் தொடங்கிய பட்டறை அது. அங்கே அவருக்குப் பெயருக்குப் பதில் பித்தளை டோக்கன். நம்பர் போதும், அட்நாவ் தேவையில்லை. அந்த ஓர் இடத்தில்தான் யாரும் தன்னைச் சாதி கேட்கவில்லை என்று அப்பா சொல்லுவார்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாதுங்கா. பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பிளேக் நோய்க்குப் பிறகு திட்டம் போட்டுக் கட்டிய இடம். அகலத் தெரு, மரம், மாடி வீடு. அங்கே வந்த தமிழர்கள் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு வந்தவர்கள். பாலக்காட்டு அக்ரஹாரங்களிலிருந்து நிறையப் பேர். ஆஸ்திக சமாஜத்தின் கோயில் 1923இல், தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல், மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இல், ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942இல் என்று அந்தத் தெருக்கள் நிறைந்தன. அங்கே பெயர்ச் சிக்கல் வேறு மாதிரி. ராமன், கிருஷ்ணன், விஸ்வநாதன், சுப்பிரமணியன் என்று பத்துப் பெயருக்குள் ஒரு தெருவே அடங்கிவிடும். ஆகவே கல்பாத்தி விஸ்வநாதன், நூரணி விஸ்வநாதன், சாத்தபுரத்து விஸ்வநாதன் என்று ஊரால் பிரித்தார்கள். அலுவலகத்தில் வெள்ளைக்கார மேனேஜர்களுக்கு அத்தனை நீளம் முடியாது. அங்கே வெறும் எழுத்தாகச் சுருங்கி கே.எஸ்., டி.ஆர்., பி.வி. என்று கூப்பிடப்பட்டார்கள்.

தாராவியில் எங்கள் முருகன்களையும் நாங்கள் இப்படித்தான் பிரித்தோம். டேனரி முருகன், லேபர் கேம்ப் முருகன், இட்லிக்காரம்மா முருகன். கேட்லாக்கில் முருகன் ஆ, முருகன் மு என்று இனிஷியலைப் போட்டு எழுதியிருப்போம். ஆனால் அந்த எழுத்தை வைத்து எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளையை அடையாளம் வைத்துக்கொண்டதில்லை. இட்லிக்காரம்மா மகன் என்றால் ஏழு வருஷம் ஆனாலும் மறக்காது. இதற்கும் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1987இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு: முகப்படங்களைக் காட்டி, இவர் பெயர் பேக்கர் என்று சிலரிடமும், இவர் பேக்கர் வேலை பார்க்கிறவர் என்று வேறு சிலரிடமும் சொன்னார்கள். சொல் ஒன்றுதான். தொழிலாகக் கேட்டவர்களுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. பெயராகக் கேட்டவர்களுக்கு நழுவியது. ரொட்டி சுடுகிறவர் என்றதும் மாவு, அடுப்பு, விடியற்காலை வாசனை எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். வெறும் பெயருக்கு அப்படிக் கொக்கிகள் இல்லை. தெருக்காரர்கள் பட்டப்பெயர் வைப்பது கேலிக்காக என்று நினைப்பார்கள். பாதிதான் உண்மை. ஒரே பெயருள்ள நூறு பேர் நெருக்கியடித்து வாழ்கிற இடத்தில், ஒவ்வொருவரையும் தனி ஆளாக ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரு கண்டுபிடித்த வழி அது.

தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் நான் நடந்தால் இன்றைக்கும் யாராவது ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். முகம் பார்த்ததும் தெரிந்துவிடும். எந்த வரிசையில் உட்கார்ந்தாள், அம்மா எந்தக் குழாயடியில் இருந்தாள், எந்த வருஷம் ஆண்டுவிழாவில் என்ன வேஷம் கட்டினாள், எல்லாம் வரும். பெயர் கடைசியில்தான் வரும். 1986இல் விக்கி புரூஸ், ஆண்டி யங் இருவரும் இதற்கு ஒரு வரிசையே எழுதிவைத்தார்கள்: முதலில் முகம் பழகியது என்று தெரியும், அடுத்து ஆள் யார் என்பது வரும், அதைத் தாண்டித்தான் பெயருக்குப் போக முடியும். குறுக்கு வழி கிடையாது. இத்தாலியில் கார்லோ செமென்சாவும் மரினா ஜெட்டினும் 1980களின் கடைசியில் பார்த்த நோயாளிகளுக்கு மூளைப் பாதிப்புக்குப் பிறகு காய்கறி, பாத்திரம், மிருகம் எல்லாவற்றின் பெயரும் வந்தது. மனிதர் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் வரவில்லை. ஆளைப் பற்றி எல்லாம் சொல்லுவார்கள், பெயர் வாயில் வராது. 1996இல் டமாசியோ குழுவினர் இடது பொட்டு மடலின் நுனியை ஆட்களின் பெயருக்குரிய இடமாகக் காட்டினார்கள்.

ஆனால் பெயர் முதலில் வந்தால் நிலைமை வேறு. 2005இல் கியான் கிரோகா என்ற விஞ்ஞானி, வலிப்பு நோய்க்காக மூளைக்குள் மின்முனை வைத்திருந்த நோயாளிகளிடம் ஒரு விஷயம் பார்த்தார். ஹாலி பெர்ரி என்ற நடிகையின் படத்துக்குத் துடித்த ஒரு செல், முகமூடி போட்ட அவர் படத்துக்கும் துடித்தது, எழுத்தில் அவர் பெயரைக் காட்டியபோதும் துடித்தது. முகம், எழுத்து எல்லாம் ஒரே ஆளில் போய் முடிகிற இடம் ஒன்று உள்ளே இருக்கிறது. தெருவில் கையைப் பிடித்த ஒருத்தியிடம் ‘ஏட்டி, பேச்சியம்மால்லா நீ?’ என்று நான் கேட்டுவிட்டால் போதும். அவள் முகத்தில் அந்த ஒண்ணாம் வகுப்புப் பெண் வந்து நிற்பாள். நாற்பத்தைந்து வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் அம்மா, சந்துக்குள் நின்று அழுதுவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யார் இருந்தார்கள்?

பெயர் தெரிந்துவிடுவதில் ஆபத்தும் இருந்தது. 1960 ஆகஸ்டில் பால் தாக்கரே ‘மார்மிக்’ வார இதழைத் தொடங்கினார். சில வருஷங்களில் அதில் பட்டியல்கள் வரத் தொடங்கின. இந்தக் கம்பெனியில் அதிகாரிகள் இவர்கள், அந்தக் கம்பெனியில் இவர்கள் என்று பெயர் பெயராக. ஐயர், நாயர், ராவ், ஷெட்டி, சுப்பிரமணியம். தொலைபேசி டைரக்டரியிலிருந்து எடுத்த பெயர்களும் வந்தன. ‘வாசா ஆணி தண்ட் பஸா’ என்று தலைப்பு: படியுங்கள், பேசாமல் இருங்கள். கட்டுரை வேண்டாம், வாதம் வேண்டாம், பெயர் மட்டும் போதும். 1966 ஜூன் 19இல் சிவசேனை பிறந்தது. தென்னிந்தியர்களின் ஓட்டல்கள் அடித்து நொறுக்கப்பட்டன. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாதுங்காவில் வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பட்டியல் ஏன் அப்படி வேலை செய்தது என்று வெகுகாலம் யோசித்திருக்கிறேன். 1989இல் கனடாவில் லாரி ஜாக்கோபியும் மற்றவர்களும் செய்த சோதனை எனக்குப் பிடி கொடுத்தது. யாருக்கும் தெரியாத பெயர்களை ஒரு பட்டியலாக வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு நாள் கழித்து அந்தப் பெயர்களை மற்றப் பெயர்களோடு கலந்து, இவர்களில் பிரபலமானவர் யார் என்று கேட்டார்கள். நேற்று வாசித்த அனாமதேயங்களைப் பலர் பிரபலம் என்றார்கள். பெயர் பழகியதாகத் தோன்றுகிறது. எங்கே பழகினோம் என்பது மறந்துபோகிறது. அந்த இடைவெளியில் மூளை ஒரு காரணத்தைத் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. வாரா வாரம் நூறு தென்னிந்தியப் பெயரை வாசித்த ஒரு வேலையில்லாத இளைஞனுக்கு, தெருவில் எங்கு பார்த்தாலும் அந்தப் பெயர்கள்தான் என்று தோன்றியிருக்கும். பேப்பரில் படித்தது என்பது மறந்திருக்கும். என் கணிப்பு இது. வசைச் சொல் ஒன்றுகூட இல்லாமல் வெறும் பெயர்களை அச்சடித்தே வெறுப்பை வளர்க்க முடிந்ததற்கு எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

1992 டிசம்பரிலும் 93 ஜனவரியிலும் நடந்த மதக் கலவரத்தில் நிலைமை இன்னும் கேவலமாகியது. தெருமுனையில் நிறுத்திப் பெயர் கேட்டார்கள். சொல்லும் பெயரில் உயிர் தொங்கியது. நகரம் முழுக்க சுமார் 900 பேர் செத்தார்கள். தாராவியிலும் வீடுகள் எரிந்தன. எங்கள் கேட்லாக்கில் மைதீனும் மாடசாமியும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். அகர வரிசையில் வேறெப்படி இருப்பார்கள்? பள்ளி மறுபடி திறந்த அன்று பெயர் வாசிக்க எனக்குத் தொண்டை அடைத்தது. உள்ளேன் என்று சொல்லாத பெயர்கள் இருந்தன. ஊருக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். பலர் வெயில் காலம் முடிந்து திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை.

செம்பூருக்கு நாங்கள் குடிவந்தது அதற்குப் பிறகு. 1950களில் டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தபோது படித்த தமிழர்களுக்கு ஊராகிப்போன இடம் செம்பூர். ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் மாடி வாரியாக வீட்டுக்காரர் பெயர் எழுதிய பலகை இருக்கும். வெள்ளை எழுத்து, கறுப்புப் பலகை. எங்கள் பலகையில் ஐயர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பெரியவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்கள். பெயிண்டர் வந்து பழைய பெயரின் மேலேயே புதிய பெயரை எழுதுகிறார்.

தாராவியில் இப்போது பெயர் மறுபடி பெரிய விஷயமாகிவிட்டது. 1976இல் அரசாங்கம் குடிசைகளைக் கணக்கெடுத்து, குடும்பத் தலைவரின் படமும் பெயரும் போட்டு போட்டோ பாஸ் கொடுத்தது. பள்ளிக்குப் போகாத ஒரு தலைமுறையில் பலரின் பெயர் படத்தோடு காகிதத்தில் ஏறியது அப்போதுதான். 1993க்குப் பிறகு வாக்காளர் அட்டை, 2010க்குப் பிறகு ஆதார். ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு வேறு ஆள். மராத்தி குமாஸ்தா காதில் விழுந்ததை தேவநாகரியில் எழுதினார். இன்னொருவர் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினார். இசக்கி ஓரிடத்தில் எசக்கி, இன்னோரிடத்தில் இஸ்ஸாகி. கனிமொழியின் ழகரம் ஒரு கார்டில் லகரமாகவும் இன்னொன்றில் யகரமாகவும் போயிற்று. முதல் கட்டத்தில் ஒரு கார்டில் நாடார், ஒரு கார்டில் அப்பா பெயர், ஒரு கார்டில் வெறும் கோடு.

2024 மார்ச்சில் மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பித்தார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது விதி. மற்றவர்களுக்கு வேறு விதிகள். பழைய காகிதத்தில் உள்ள ஆளும் புதிய காகிதத்தில் உள்ள ஆளும் ஒருவர்தான் என்று நிரூபிக்க வேண்டும். தெருவில் யாரிடம் கேட்டாலும் எசக்கியும் இசக்கியும் ஒருத்தி என்று சொல்லிவிடுவார்கள். குரலைக் கேட்டுப் பெயரைத் தெரிந்துகொள்கிற காது அத்தனை எழுத்துப் பிழையையும் மன்னிக்கும். கம்ப்யூட்டரில் ஓர் எழுத்து மாறினாலும் இரண்டு பேர். என் பழைய மாணவி ஒருத்தி தன் அம்மா பெயரைச் சரிப்படுத்த ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைந்து, அஃபிடவிட் எழுதி, கெஜட்டில் போடக் காசு கட்டி, ஒரு மழைக்காலத்தையே தொலைத்தாள். அந்த அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மூன்று காகிதத்திலும் உள்ள மூன்று பெயரும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தமிழில் வாய்விட்டுக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

கணக்கெடுக்க வருகிற ஒவ்வொரு குழுவிலும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதோடு தமிழ்ப் பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும்போது இடம் மாறுகிற ஜெனரல் ரெஜிஸ்டர்களைப் படமெடுத்து வைக்க வேண்டும், அவற்றில் உள்ள தமிழ்ப் பெயரை ஆதாரமாக ஏற்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். பதில் வருகிறவரை சும்மா இருக்க முடியாது. என் பழைய மாணவிகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வீடு வீடாகப் போகிறார்கள். வீட்டுக்கு ஒரு தாள். இடது பக்கம் தமிழில் பெயர், கூப்பிடுகிற பெயர், ஊர், படித்த பள்ளி, சேர்ந்த வருஷம். வலது பக்கம் எந்தக் கார்டில் எந்த எழுத்தில் இருக்கிறது என்பது. பெயரை முதலில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, கேட்ட பிறகுதான் எழுத வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். லேபர் கேம்ப் பக்கம் பாதி முடிந்திருக்கிறது. மழை விட்டதும் கிராஸ் ரோட்டுப் பக்கம் போகிறோம்.